வாய்விட்டுச் சொன்ன மந்திரம்

சூசை, உன் கடுதாசி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உன் தங்கச்சி லூர்து அதை இரண்டு தரம் படித்துக் காட்டினாள். முதல் தரம் படிக்கும்போது விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்த உங்கம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டாம் தரம் படித்து முடித்ததும் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, "இதுக்கு நீங்களே பதில் சொல்லுங்க, நான் வாயைத் தொறந்தா ஏசத்தான் செய்வேன்" என்றாள். அதனால் நான் சொல்கிறேன், லூர்து எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்வதைத் திருத்தாமல் எழுது என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். கான்வெண்டில் படித்த பிள்ளை, திருத்தாமல் இருப்பாளா என்பது சந்தேகம்தான். எங்காவது ஒரு வார்த்தை என் வாயில் வராத வார்த்தையாக இருந்தால் அது அவளுடையது என்று வைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். வைகாசியில் உனக்கும் பவுலீனுக்கும் கல்யாணம் என்று வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. மூன்று ஞாயிறு பூசையில் உங்கள் இரண்டு பேர் பெயரையும் வாசித்து, தடை உண்டா என்று சனங்களைக் கேட்கிற ஓலையை, உங்கள் கோயில் சாமியார் வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறாய். காரணத்தையும் எழுதியிருக்கிறாய். ரயில் பட்டறையில் ஒரு மேஸ்திரியிடம் பிராண சக்தி என்று ஒன்றைக் கற்றுக்கொண்டு, சாயங்காலம் சங்கு ஊதினதும் லைன் வூட்டு வாசலில் நோயாளிகளை உட்கார வைத்து, கையை ஒரு சாண் தள்ளிப் பிடித்துத் தலையிலிருந்து கால் வரைக்கும் இறக்குகிறாய். அதை விடு என்றார் சாமியார். "எங்கப்பாவும் நோய்க்குக் கை வைக்கிறவர்தான், அவருக்கு மட்டும் பூசையில் நாக்கில் அப்பம் வைத்து நன்மை கொடுக்கிறார்களே" என்று நீ கேட்டாய். "உன் அப்பாவை எனக்குத் தெரியாது, உன்னைத்தான் தெரியும்" என்றார் அவர். உனக்குக் கோபம் வந்து, ஓலை இல்லாவிட்டால் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் என்று கிளம்பிவிட்டாய். பவுலீன், கோயிலைத் தவிர வேறெங்கும் வந்து நிற்க மாட்டேன் என்கிறாள். எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் என்னைக் கேட்கிறாய்: உங்களுக்கு மட்டும் எப்படி விட்டார்கள்? அதை நான் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை. இப்போது கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

நம் குடும்பத்துக்குக் கை வந்தது நாம் வேதத்தில் சேர்வதற்கு முந்தி. எனக்கு எங்கப்பா கொடுத்தார், அவருக்கு அவர் அப்பா. சுளுக்கு, பிடரி வலி, குழந்தை பயந்துபோய் வீரிட்டு அழுவது, பிள்ளை பெற்றவளுக்கு அடிவயிற்று வலி, இதெல்லாம்தான். வலிக்கிற இடத்தில் உள்ளங்கையை வைத்து, வாய்க்குள் ஒரு மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். உதடு அசையலாம், சத்தம் வரக்கூடாது. அடுத்தவர் காதில் விழுந்தால் மந்திரம் செத்துப்போகும் என்பது கட்டுப்பாடு. அதிலிருந்த வார்த்தைகள் தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. எங்கப்பாவிடம் அர்த்தம் கேட்டேன். "அர்த்தம் தெரிஞ்சவனெல்லாம் கை வைக்கிறானா" என்று திருப்பிக் கேட்டார். அதோடு விட்டுவிட்டேன். உடம்பைச் சுற்றி ஒரு ஓட்டம் இருக்கிறது, கரண்டு மாதிரி, அதைக் கையால் ஒழுங்கு பண்ணலாம் என்று நீ எழுதியிருக்கிறாய். கரண்டை நான் தொட்டுப் பார்த்ததில்லை. கையில் சூடு வருவது மட்டும் எனக்குத் தெரியும். சோறு கொதிக்கும்போது பானை மூடியில் கை வைத்தால் கீழேயிருந்து தட்டுமே, அந்த மாதிரி. அது எங்கிருந்து வருகிறது என்று இன்றைக்கும் தெரியாது. ஆகையால் உன் மேஸ்திரி சொல்வதைப் பொய் என்று நான் சொல்லப் போவதில்லை.

பெரிய வூட்டில் நமக்கு வாசலோடு சரி. கூலி நெல்லைக்கூட நம் துண்டில் எட்ட நின்றுதான் கொட்டுவார்கள். ஆனால் அந்த வூட்டுப் பெரியாயிக்கு மண்டையிடி வந்தால் எனக்குத்தான் ஆள் வரும். கொல்லைப்புறமாக அழைத்துப்போய்க் கூடத்தில் உட்கார வைப்பார்கள். அந்த அம்மாள் நெற்றியில் கை வைப்பேன். அந்த நேரத்துக்கு மட்டும் தீட்டு இல்லை. கையை எடுத்ததும் வந்துவிடும். நான் தெருவைத் தாண்டுவதற்குள் கூடத்தில் தண்ணீர் கொட்டிக் கழுவுகிற சத்தம் கேட்கும். இதை வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. இந்த ஊரில் என்னை ஒரு ஆளாகக் கூப்பிட்டது அந்த ஒன்றுக்குத்தான் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். விடு என்று ஒருவர் சொன்னால் விடுகிறவனுக்கு எது போகிறது என்று எனக்குத் தெரியும்.

அப்போது நம் ஊருக்கு மாசம் ஒரு தரம் வந்துகொண்டிருந்தவர் தாடிச் சாமியார். வெள்ளைக்காரர், ஆனால் நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார், புத்தகத்தைப் படிப்பது போல. நீ சின்னப் பிள்ளை, அவர் மடியில் உட்கார்ந்து தாடியைப் பிடித்து இழுத்திருக்கிறாய். சனிக்கிழமை வந்து, ஒவ்வொருத்தரும் தன் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் கேட்பார், சாயங்காலம் ஒரு பிரசங்கம், ஞாயிறு காலையில் பூசை வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். ஒரு சனிக்கிழமை அவர் காதில் யாரோ என் சமாசாரத்தைப் போட்டுவிட்டார்கள். அன்றைய பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல், "இந்த ஊரில் மந்திரம் சொல்லுகிறவர் உண்டு என்று அறிகிறேன். மந்திரம் சொல்லுகிறவன் எவனாயினும் அவனுக்கு நன்மை கிடையாது" என்றார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு வூட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை கோயில் நிறைய சனம். சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் வழக்கம்போல முழங்காலில் நின்று, "பரலோக மந்திரம் சொல்லுவோம்" என்று எடுத்துக் கொடுத்தார். ஒரு வாய் திறக்கவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தரம் எடுத்தார். ஒன்றும் இல்லை. சரி, அருள்நிறை மந்திரம் என்று மாற்றிப் பார்த்தார். அதுக்கும் இல்லை. விசுவாச மந்திரம் என்றதும் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாமியார் பீடத்திலிருந்து திரும்பி, "உங்களுக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்டார். உங்கம்மாவுக்குச் சின்னம்மா முறை ஆகிற சவரியாயி எழுந்தாள். "நேத்து சாயங்காலம்தானே சாமி சொன்னீங்க, மந்திரம் சொன்னா நன்மை கிடையாதுன்னு. நான் செபமாலையைக்கூட எடுத்து எரவாணத்துல சொருகிட்டேன். அதுல பூராவும் மந்திரம்தானே இருக்கு" என்றாள்.

சாமியார் ஒரு கையால் தாடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு உபதேசியாரைப் பார்த்து, "நம்முடைய செபங்களுக்கு மந்திரம் என்று பெயர் வைத்தவர் யார்?" என்று கேட்டார். "உங்களுக்கு முந்தி வந்த சாமியார்மாருங்கதான் சாமி" என்றார் உபதேசியார். அதுக்கு அவர் என்ன சொல்வார், பாவம். ஒருத்தன் பெயரைச் சொல்லாமல் விட்டதற்காக ஊரே வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எழுந்து நின்று, "சாமி, நேத்து நீங்க சொன்னது என்னைங்க. அவங்க சொல்லட்டும்" என்றேன். சவரியாயி, "அட, இவனையா சொன்னீங்க, அப்பவே சொல்லியிருக்கலாமே" என்று உட்கார்ந்துகொண்டாள். ஒரே சிரிப்பு. பிறகு எல்லாரும் சேர்ந்து பரலோக மந்திரத்தைச் சொன்னார்கள். முந்தின நாள் விட்டதையும் சேர்த்துச் சொன்ன மாதிரி அவ்வளவு சத்தம். வூட்டுக்கு வந்ததும் உங்கம்மா, "சாமியார் கேக்காததுக்கு முந்திக்கிட்டு எந்திரிக்கிறீங்க, சாப்பிடக் கூப்பிட்டா மட்டும் நாலு தரம் கூப்பிடணும்" என்றாள். ஆனால் அன்றைக்குக் குழம்பில் கருவாடு போட்டிருந்தாள்.

பூசை முடிந்து கோயிலுக்குப் பின்னால் சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். "நீ சொல்லும் வார்த்தையை எனக்குச் சொல்ல வேண்டாம். அதில் யாரைக் கூப்பிடுகிறாய், அதை மட்டும் சொல்" என்றார். "தெரியாதுங்க சாமி." "யாரென்று தெரியாதவனை உன் வீட்டுக்குள் கூப்பிடுவாயா?" "வெயில்ல வந்து நின்னான்னா கூப்பிடுவேன் சாமி." அவர் தலையாட்டினார். "நல்லது, கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் உன் பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு வயலுக்குப் போவாயா?" அப்போது நீ என் இடுப்பில் இருந்தாய், சூசை. உன்னைப் பார்த்தேன். "போக மாட்டேன் சாமி." "உன்னிடம் நோயோடு வருகிறவன் உன் கையில் கொடுக்கப்பட்ட பிள்ளை" என்றார். பிறகு, "கையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சேசுநாதரும் கை வைத்தார். அறியாத வார்த்தையை விடு, அறிந்த வார்த்தையைச் சொல்" என்று சொல்லி அனுப்பினார்.

நான் விட்டேன். விட்டது சுலபமாக இல்லை, நாக்கு தன்னால் பழைய வார்த்தைக்குப் போகும். அதற்குப் பதிலாகப் பரலோக மந்திரத்தை வாய்க்குள் சொன்னேன். முதல் நாள், சூடு வராதோ என்று பயமாக இருந்தது. வந்தது, எப்போதும் போல. அப்படியானால் இத்தனை வருஷம் அந்தப் பழைய வார்த்தை என்ன வேலை பார்த்தது என்று கேட்டுக்கொண்டேன். பதில் கிடைக்காவிட்டால் போகிறது, சாமியார் சொன்னபடி செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தேன். நான் தப்பாகப் புரிந்துகொண்டது அங்கேதான்.

கொஞ்ச மாசம் கழித்து, மழைக்காலத்தில், சாமியார் வந்த வண்டி வழியில் பள்ளத்தில் இறங்கி ஏறியதில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். கோயில் பக்கத்து அறையில் கயிற்றுக்கட்டிலில் குப்புறப் படுக்க வைத்துவிட்டு, உபதேசியார் தயங்கித் தயங்கி, "நம்ம ஆளு ஒருத்தர் இருக்காருங்க சாமி, உங்களுக்கே தெரியும்" என்றார். "வரச்சொல்" என்றார் சாமியார். வேதக்காரன் ஆன பிறகு ஒரு சாமியார் இடுப்பில் கை வைப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. கையை வைத்தேன், கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தேன். "என்ன முணுமுணுக்கிறாய்?" என்று கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"பரலோக மந்திரம் சாமி. நீங்க சொன்னதுதான்."

"எனக்குக் கேட்கவில்லையே."

"கேக்கக்கூடாதுங்க. கேட்டா செத்துப்போயிடும்."

"எது செத்துப்போகும்?"

"மந்திரம் சாமி."

கட்டில் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார். சிரித்தால் இடுப்பு வலிக்கிறது, ஐயோ என்கிறார், மறுபடி சிரிக்கிறார். அடங்கினதும் முகத்தை என் பக்கம் திருப்பிச் சொன்னதை அப்படியே சொல்கிறேன், இதை லூர்துவும் திருத்தமாட்டாள். "நான் உன்னைச் சாவியை மாற்றச் சொன்னதாக நீ எண்ணிக்கொண்டாய். பூட்டு அப்படியே இருக்கிறது. இது பூட்டைத் திறக்கிற வார்த்தை அல்ல. பிள்ளை அப்பனிடம் கேட்பது. அப்பனிடம் கேட்பதை ஏன் ஒளித்துக் கேட்கிறாய்? அடுத்தவன் காதில் விழுந்தால் அப்பன் கொடுக்கமாட்டான் என்று பயமா? அல்லது கொடுத்தவன் நீ அல்ல, அப்பன் என்று அவனுக்குத் தெரிந்துவிடும் என்று பயமா?" கையை எடுக்கப்போனேன். "கையை எடுக்காதே. வாய்விட்டுச் சொல், நானும் சொல்கிறேன்" என்றார். இரண்டு பேரும் சொன்னோம், அவர் புத்தகத் தமிழில், நான் நம் காட்டுத் தமிழில். உம்முடைய சித்தம் செய்யப்படுக என்கிற இடம் வந்தபோது நான் அதை இரண்டு தரம் சொன்னேன். கை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையை என் காதாலேயே கேட்டது அன்றைக்குத்தான். வாய்க்குள் சொன்னவரைக்கும் அந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன்.

வலி விட்டதா என்று கேட்பாய். விடவில்லை. மறுநாள் இரண்டு கையாலும் பீடத்தைப் பிடித்துக்கொண்டுதான் பூசை வைத்தார். நான் அவர் கண்ணில் படாமல் பின்சுவரோரம் நழுவினேன். முன்னாலெல்லாம் கை பலிக்காத வூட்டுப் பக்கம் தலைகாட்ட மாட்டேன், அது என் பழக்கம். மந்திரத்தில் எங்கே பிசகினேன் என்று நானாக யோசித்துக்கொண்டு, அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போவேன். சாமியார் பார்த்துவிட்டார். "ஏன் ஒளிகிறாய்? நாம் இரண்டு பேரும்தானே கேட்டோம், கிடைக்கவில்லை. வா, காபி குடி" என்றார். குடித்துக்கொண்டிருக்கும்போதே, "நான் போகிற வழியில் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத்தான் போவேன். நீயும் யாரையும் அங்கே போகவேண்டாம் என்று சொல்லாதே" என்றார். எனக்கு மட்டும் எப்படி விட்டார்கள் என்று கேட்டாயே, இப்படித்தான். கை வைப்பதை விட்டுவைத்தார்கள். ஒளித்துச் சொல்வதை விட்டுவைக்கவில்லை.

அதற்குப் பிறகு என் மவுசு குறைந்தது. குரும்பலூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த ஒருத்தர், நான் சத்தமாகச் சொல்வதைக் கேட்டுவிட்டு, "இது எங்க வூட்டுப் பொட்டைப் புள்ளைக்கே தெரியுமே, இதுக்கா இம்மாந்தூரம் வந்தோம்" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். வேதத்தில் இல்லாதவர்கள் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். பெரிய வூட்டிலிருந்து ஆள் வந்தபோது, நானே முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்று போனேன். "ஆயி, இனிமே எங்க சாமி பேரைச் சத்தமாச் சொல்லித்தான் கை வைப்பேன். வேண்டாம்னா போயிடறேன்" என்றேன். பெரியாயி தலையில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். "இத்தனை நாளு யாரு பேரைடா சொன்னே?" "தெரியாதுங்க." "தெரியாத பேருக்கே மண்டையைக் குடுத்தவ, தெரிஞ்ச பேருக்குக் குடுக்க மாட்டேனா? சொல்லு. உங்க சாமி கோச்சுக்காட்டி எங்க சாமி கோச்சுக்காது." சொன்னேன். அன்றாட அப்பம் கேட்கிற இடம் வந்ததும் ஒரு கண்ணைத் திறந்து, "அப்பமா கேக்குறே? சோறு கேளுடா பைத்தியக்காரா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கூடத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தரம்.

அவள் கடைசிக் காலத்தில் காலெல்லாம் வீங்கி, திருச்சி டாக்டரும் கைவிட்ட பிறகு, கூப்பிட்டு அனுப்பினாள். போய் வைத்தேன். சூடு வரவில்லை. வெகு நேரம் பார்த்துவிட்டு, "சூடு வரலைங்க ஆயி" என்று உண்மையைச் சொன்னேன். பழைய ஆளாக இருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்திருப்பேன். "வரலைன்னா என்ன, கையை எடுக்காதே" என்றாள். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அவ்வப்போது பரலோக மந்திரத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். நான் எழுந்து வந்த பிறகு கூடத்தைக் கழுவினார்களா என்று காதுகொடுத்துக் கேட்கத் தோன்றவில்லை. அவள் போன பிறகு அந்த எழவு வூட்டு வாசலில் என்னால் தலைநிமிர்ந்து நிற்க முடிந்தது. கை பலிக்காத வூட்டில் நான் போய் நின்றது அதுக்கு முந்தி கிடையாது. சாமியார் சொன்னதில் எனக்குக் கிடைத்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இப்போது உன் பக்கம். உன் கடுதாசியில் ஒரு இடத்தை மட்டும் லூர்துவை மூன்றாம் தரமும் படிக்கச் சொன்னேன். பட்டறையில் உலை வேலை பார்க்கிற ஒருத்தர், ரத்தமாக இருமுகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டு உன்னிடம் வருகிறார் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடம். நீ அதைப் பெருமையாக எழுதியிருக்கிறாய். மேஸ்திரி, "மருந்து ஓட்டத்தைக் கெடுத்துவிடும்" என்று சொன்னாராம், நீயும் தலையாட்டினாயாம். கடுதாசி பூராவிலும் எனக்குக் கோபம் வந்தது அங்கே ஒன்றில்தான். உங்கள் சாமியாரிடம் அந்த மனுஷன் பெஞ்சாதி போய் அழுதிருப்பாள் என்று எனக்குப் படுகிறது. அவர் உன்னிடம் அதைச் சொல்ல முடியாமல் ஓலையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அவரை எனக்குத் தெரியாது, என் யூகத்தைச் சொல்கிறேன்.

கையை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. உனக்குக் கை இருக்கிறது. சின்ன வயசிலேயே லூர்துவின் காய்ச்சல் நெற்றியில் நீ கை வைத்தால் அவள் தூங்கிவிடுவாள், நான் பார்த்திருக்கிறேன். அந்த மனுஷனைக் கூட்டிக்கொண்டு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ. போகச் சொல்லாதே, கூடப் போ. வழியில் அவரிடம் வாய்விட்டுச் சொல்லு: என் கையில் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது, அது உங்கள் நெஞ்சுக்குள் போய் என்ன செய்கிறது என்றும் தெரியாது என்று. அதைச் சொன்ன பிறகும் உன் கை வேண்டும் என்று அவர் கேட்டால் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வை. பிறகு உங்கள் சாமியாரிடம் போ. கரண்டு, ஓட்டம், விஞ்ஞானம் என்று வாதம் பண்ணப் போகாதே. கையை இறக்கும்போது உன் மனசுக்குள் யாரைக் கேட்கிறாய் என்பதைச் சொல்லு. யாரையும் கேட்பதில்லை என்றால் அதையும் சொல்லு. எதைச் சொன்னாலும் அவர் காதில் விழுகிற மாதிரி சொல்லு. கொஞ்ச நாள் நிறுத்திவை என்று சொன்னால் நிறுத்திவை. கை எங்கேயும் ஓடிப் போகாது. ஒரேயடியாக விட்டுவிடு என்று சொன்னால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, சூசை. எனக்கு வாய்த்தவர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்று, பெரிய வூட்டுக் கூடத்தை நினைத்துக்கொண்டு பலதரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி உனக்குச் சொல்ல மாட்டேன்.

பவுலீனைப் பிடிவாதக்காரி என்று எழுதியிருக்கிறாய். வெற்றிலை பாக்கு மாற்றின அன்றைக்கு அந்தப் பெண் அடுப்படியில் உங்கம்மாவிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "அவரு கை வைக்கிறப்ப கண்ணை மூடிக்கிறாரு அத்தை. எதிர்ல உக்காந்திருக்கிறவங்களைப் பாக்க மாட்டேங்கிறாரு" என்றாளாம். உங்கம்மா அதை இப்போதுதான் என்னிடம் சொன்னாள். அந்தப் பெண் உன்னைக் கவனித்துப் பார்த்திருக்கிறாள். அப்படிப் பார்க்கிறவள் கோயிலில்தான் நிற்பேன் என்றால், அது சாமியாருக்குப் பயந்து அல்ல. தன் பெயரையும் உன் பெயரையும் சேர்த்து, தடை உண்டா என்று ஊர் கேட்க வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்களுக்குத்தான் அந்த ஆசை வரும். ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செல்லும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோபத்தில் அங்கே போனாயானால் நீ தனியாகத்தான் போய் நிற்பாய்.

எனக்கு இப்போதெல்லாம் கை நடுங்குகிறது. சூடு வருவது அபூர்வமாகிவிட்டது. இரண்டு மூன்று பேர் இன்னும் வருகிறார்கள். கையை வைத்து, அவர்களோடு சேர்ந்து சொல்லிவிட்டு, ஜெயங்கொண்டம் போகிற பஸ்ஸில் ஏற்றி டாக்டரிடம் அனுப்பிவிடுகிறேன். "இதுக்கு ஒரு கை எதுக்கு" என்று உங்கம்மா கேட்கிறாள். அவளுக்குத் தோள்பட்டை வலி வந்தால் மட்டும் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். சத்தமாகவும் சொல்கிறாள், என்னை முந்திக்கொண்டு.

உங்கள் சாமியாரிடம் வந்து நான் பேசவேண்டும் என்று மட்டும் கேட்காதே. நீ பேசவேண்டியதை நான் பேசினால் அது மறுபடியும் வாய்க்குள் சொன்ன மாதிரிதான். ஆனால் வருவோம். வருகிற சனிக்கிழமை நானும் உங்கம்மாவும் அரியலூரில் ரயில் ஏறுகிறோம். அரியலூர் வரைக்கும் வருவதுதான் பாடு. சீமையில் சண்டை வந்ததிலிருந்து பெட்ரோல் இல்லாமல் கரி போட்டு ஓட்டுகிற இந்த பஸ்ஸில், மேடு வந்தால் டிரைவர் எல்லாரையும் இறக்கித் தள்ளச் சொல்கிறான். உங்கம்மா, காசும் கொடுத்துத் தள்ளவும் மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உன்னோடு வருகிறோம். ஓலை வாசித்தால் கேட்போம். வாசிக்காவிட்டாலும் ஆம்பிளைகள் பக்கத்தில் உன் தோளை ஒட்டி நான் உட்கார்ந்திருப்பேன், உங்கம்மா அந்தப் பக்கம் பவுலீனோடு உட்கார்ந்திருப்பாள். நாங்கள் வருவதற்குள் அந்த இருமல்காரரை நீ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தால் நல்லது. போயிருக்காவிட்டால், பூசை முடிந்து கோயிலை விட்டு இறங்கினதும் அவர் வூடு எந்தத் தெரு என்று எனக்குக் காட்டு. இரண்டு பேரும் போய்க் கூப்பிடுவோம்.

உன் அப்பா